மதீனாவின் நூறு வீடுகள்

முஹர்ரம் பிறந்துவிட்டால் நம் பள்ளிவாசல்களில் கர்பலாவின் வரலாறு பேசப்படுகிறது. பத்து நாளும் கேட்டு, கண் கலங்கி, ஆஷூரா நோன்பையும் நோற்று முடித்துவிட்டால், அந்தக் கூடாரத்தில் உயிரோடு எஞ்சிய ஓர் இளைஞரை நாம் அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்பிவிடுகிறோம். அவர்தாம் இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் அருமை மகனார் அலீ. ஜைனுல் ஆபிதீன் என்ற பெயரால் உலகம் அறிந்த இமாம் (ரலி) அவர்கள். கர்பலாவுக்குப் பிறகு ஹிஜ்ரிக் கணக்கில் 33 ஆண்டுகள் அன்னார் மதீனா மாநகரில் வாழ்ந்தார்கள். அந்த 33 ஆண்டுகளைப் பற்றித்தான் இம்முறை எழுத நினைத்தோம். அப்படி நினைக்க வைத்தது ஓர் அரிசிப் பை.

2020ஆம் ஆண்டு பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, மதியச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டு வந்த பிள்ளைகளின் வீடுகள் என்ன பாடுபட்டன என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராஜர் காலத்தில் ஊரூராகப் பரவி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்த அந்த ஒரு வேளைச் சோறு, எத்தனையோ தாய்மார்களின் அரைக் கவலையைத் தீர்த்து வந்தது. பள்ளிக்கூடம் பூட்டியதும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் அரிசியும் பருப்பும் கொடுக்கத்தான் செய்தது. ஆனால் அது பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பங்கு. வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் தகப்பனுக்கும், இடுப்புக் குழந்தைக்கும், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பாட்டிக்கும் பங்கு வேண்டுமே! நம் மஹல்லா இளைஞர்கள் எட்டுப் பேர் கூடிப் பேசி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு, எந்தச் சமயத்தார் என்று பாராமல், வாரம் ஒரு பை கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், கொஞ்சம் சர்க்கரை, தேயிலை. நாமும் அவர்களோடு நடந்தோம்.

முதல் வாரம் அஸருக்குப் பின் புறப்பட்டோம். தெருவில் நல்ல வெளிச்சம். பையின்மேல் கொட்டை எழுத்தில் பெயர் அச்சிட்டிருந்தது. படம் பிடிக்கவும் ஒருவர் வந்திருந்தார். ஒரு வீட்டில் பையை வாங்க வாசலுக்கு ஓடிவந்த சிறுவன், கொடுக்க நின்றவன் தன் வகுப்பிலேயே படிப்பவன் என்று கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மறுவாரம் அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே ஆளரவம் கேட்டது, ஆனாலும் திறக்கவில்லை. பிறகு அந்தத் தாய் நம் வீட்டுப் பெண்களிடம் சொல்லியனுப்பினார்: கொடுப்பதானால் இஷாவுக்குப் பிறகு கொடுக்கட்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று.

நாம் அன்றிரவு வெட்கத்தோடு படுத்தோம். தவறு எந்த இளைஞருடையதும் அல்ல. கூடப் போன பெரியவர்களாகிய நம்முடையது. இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரலி) அவர்களின் சரித்திரத்தைப் பலமுறை படித்தவர்கள் நாம். படித்திருந்தும் பகல் வெளிச்சத்தில் போய் நின்றோம்!

இமாம் அவர்கள் ஏறக்குறைய ஹிஜ்ரி 38இல் பிறந்தார்கள். கி.பி. கணக்கில் 658 அல்லது 659. பாட்டனார் அலீ (ரலி), பாட்டியார் பாத்திமா நாயகி (ரலி), முப்பாட்டனார் நம் பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம். தாயார் பாரசீக மன்னர் யஸ்தஜிர்தின் மகளார் என்று மக்களிடையே பேச்சு உண்டு; பழைய வரலாற்று நூல்களோ அவரை ஓர் அடிமைப் பெண்மணியாகவே குறிப்பிடுகின்றன. அரசகுமாரியானாலும் அடிமையானாலும் அந்த மகனார் தாயைப் பேணிய விதம் ஒன்றுதான். தாயாரோடு ஒரே தட்டில் உண்ண அன்னார் தயங்குவார்களாம். தாயாரின் கண் ஆசைப்பட்ட ஒரு துண்டைத் தம் கை முந்திக்கொண்டு எடுத்துவிடுமோ என்ற அச்சமே காரணம் என்று எழுதுகிறார்கள். சாப்பாட்டு விஷயத்தில் இன்னொருவரின் மனம் இம்மியும் நோகக் கூடாது என்ற நுட்பம் அந்த மகனாரிடம் தட்டிலிருந்தே தொடங்குகிறது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹிஜ்ரி 61, முஹர்ரம் 10. கி.பி. 680 அக்டோபர் மாதம். அன்று அன்னாருக்கு வயது 23 இருக்கும். கடும் நோயால் எழுந்து நிற்க முடியாமல் கூடாரத்தில் கிடந்தார்கள். தந்தையார், அண்ணன் அலீ அக்பர், சிற்றப்பாமார், பெரிய தந்தையார் ஹஸன் (ரலி) அவர்களின் பிள்ளைகள் என்று வரிசையாக ஷஹீதாகிவிட்டார்கள். பெண்களோடும் பிள்ளைகளோடும் கைதியாகக் கூஃபாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே ஆளுநர் இப்னு ஸியாத் இவரையும் கொல்லக் கட்டளையிட்டபோது, மாமியார் ஸைனப் நாயகி, அதாவது தந்தையாரின் சகோதரியார், பாய்ந்து கட்டிப்பிடித்துக் கொண்டார்கள். கொல்வதானால் இருவரையும் சேர்த்தே கொல்ல வேண்டியிருக்கும் என்று கண்ட பிறகே அவன் விட்டான். அங்கிருந்து திமிஷ்க், திமிஷ்கிலிருந்து மதீனா. இந்தப் பகுதி நம் மிம்பர்களில் விரிவாகவே சொல்லப்படுகிறது என்பதால் நாம் இங்கே விரிக்கவில்லை.

மதீனா திரும்பிய அந்த இளைஞர் என்ன செய்திருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். பழி வாங்கப் புறப்பட்டிருக்கலாம். அழைக்கவும் ஆட்கள் இருந்தார்கள். அல்லது துக்கத்தோடு ஒரு மூலையில் ஒடுங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அழுகையை அன்னார் விட்டார்களில்லை என்பது உண்மை. இவ்வளவு அழலாமா என்று கேட்டவர்களுக்கு, ஒரு மகனைக் காணாமலே யஃகூப் நபி (அலை) அவர்களின் கண் வெளுத்துப் போனதையும், தாம் ஒரே பொழுதில் குடும்பத்தார் பலர் வெட்டுண்டதைக் கண்ணால் கண்டதையும் நினைவூட்டினார்கள். ஆனால் அந்த அழுகையோடு அன்னார் நின்றுவிடவில்லை.

மூன்று ஆண்டுகளுக்குள் மதீனாவுக்கும் கர்பலா வந்தது. ஹிஜ்ரி 63 துல்ஹஜ்ஜின் கடைசியில், கி.பி. 683 ஆகஸ்டில், யஸீதின் படை நகருக்கு வெளியே ஹர்ரா என்ற கரும்பாறை வெளியில் மதீனாவாசிகளைத் தோற்கடித்து நகருக்குள் புகுந்தது. அன்ஸாரிகளிலும் குறைஷிகளிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வீட்டுக்கு வீடு விதவைகள்; தெருவுக்குத் தெரு எத்தீம்கள். இமாம் அவர்கள் அந்தப் போரில் எப்பக்கமும் சேரவில்லை. அதற்குச் சில நாள் முன்பு, மதீனாவாசிகள் உமைய்யாக் குடும்பத்தாரை நகரைவிட்டு விரட்டியபோது, மர்வான் தம் வீட்டுப் பெண்களைக் காக்க ஆளில்லாமல் தவித்தார். இன்னொருவர் மறுத்த அந்தப் பொறுப்பை இமாம் அவர்கள் ஏற்று, தம் குடும்பத்தோடு சேர்த்து அவர்களையும் யன்புஉக்கு அனுப்பிவைத்துப் பாதுகாத்தார்கள். தம் தந்தையைக் கொன்ற ஆட்சியின் குடும்பம் அது. அதே மர்வான் அடுத்த ஆண்டே கலீஃபாவானார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆனால் அன்று அது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

இனி நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம்.

அன்றைய மதீனாவில் மாவு என்பது கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் பொருளல்ல. வாற்கோதுமையையோ கோதுமையையோ பெண்கள் திருகையில் அரைக்க வேண்டும், பிசைய வேண்டும், சுட வேண்டும். பாத்திமா நாயகி (ரலி) அவர்களின் கையில் திருகை சுற்றிச் சுற்றிக் காய்த்துப் போயிருந்ததும், தண்ணீர்த் தோல்பை சுமந்து சுமந்து உடம்பில் தழும்பு விழுந்திருந்ததும், வேலைக்கு ஓர் ஆள் கேட்டுத் தந்தையாரிடம் சென்றபோது பெருமானார் (ஸல்) அவர்கள் படுக்கப் போகும்போது ஓதும் தஸ்பீஹைக் கற்றுக்கொடுத்ததும் நாம் அறிந்ததே. அந்தத் தழும்பின் பேரர்தாம் இமாம் அவர்கள். அரைத்த மாவாகவோ சுட்ட ரொட்டியாகவோ ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அந்த வீட்டின் ஆணில்லாக் குறையோடு பெண்ணின் பாதி வேலையும் தீரும்.

இரவு வந்து ஊர் அடங்கியதும் அன்னார் ரொட்டியையும் மாவையும் தோல்பையில் நிரப்பித் தம் முதுகில் ஏற்றிக்கொண்டு புறப்படுவார்கள். வீட்டில் பணியாட்கள் இல்லாமலில்லை. சுமக்க மிருகங்களும் இருந்தன. ஆனாலும் முதுகுதான். ஏழை வீடுகளின் வாசல்களில் அதைச் சேர்த்துவிட்டு, இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல் இருட்டிலேயே திரும்பிவிடுவார்கள். முகத்தையும் மூடிக்கொள்வார்கள் என்பாரும் உண்டு. ஓரிரண்டு ரமளானில் செய்து விட்டுவிட்ட காரியம் அல்ல இது. அந்த வீடுகள் ஆண்டாண்டாய் அதைக் கொண்டே ஜீவித்தன. தங்கள் உணவு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே ஜீவித்தன.

இங்கே ஒன்றைக் கவனித்தால் நெஞ்சம் நெகிழ்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு மதீனாவுக்கு வெளியே ஸிரார் என்ற இடத்தில் நெருப்பைக் கண்டு போய்ப் பார்க்க, பசியால் அழும் பிள்ளைகளைத் தூங்கவைக்க ஒரு தாய் வெறும் தண்ணீரை அடுப்பில் ஏற்றி வைத்திருந்த வரலாறு நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். உமர் (ரலி) அவர்கள் ஓடிவந்து மாவு மூட்டையைத் தம் முதுகில் தூக்கிக்கொண்டு போய், தாமே அடுப்பூதிச் சமைத்து, பிள்ளைகள் வயிறு நிறைந்து சிரிக்கும்வரை அங்கேயே இருந்தார்கள். மூட்டையைத் தான் சுமப்பதாகக் கெஞ்சியும் அனுமதி கிடைக்காத பணியாளர் பெயர் அஸ்லம். அஸ்லம் தம் மகன் ஸைதுக்குச் சொல்ல, ஸைது உலகுக்குச் சொன்ன வரலாறு அது. இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவிக்கு வந்தால், குறைஷிப் பெரியவர்களின் கூட்டங்களையெல்லாம் கடந்து சென்று, விடுதலை பெற்ற அடிமை வழிவந்த இந்த ஸைது இப்னு அஸ்லமின் அறிவு வட்டத்தில்தான் உட்கார்வார்கள். நபி குலத்தவர் இப்படிப் போய் உட்காரலாமா என்று ஒருவர் கடிந்துகொண்டபோது, மனிதன் தன் மார்க்கத்துக்குப் பயன் கிடைக்கும் இடத்தில்தான் உட்கார்வான் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். மாவு மூட்டை சுமந்த இரவைத் தந்தை வாயால் கேட்டவரின் பக்கத்தில் அமர்ந்தவர்கள், தாமும் மாவு மூட்டை சுமந்தார்கள். இதற்குமேல் நாம் என்ன சொல்ல!

இரவில் இப்படி என்றால் பகலில் அன்னாருக்கு ஊரில் என்ன பெயர் தெரியுமா? கஞ்சர் என்ற பெயர்! ஆம், வரலாற்று நூல்களில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. வசதியுள்ள குடும்பம், வாசலில் வாரி இறைப்பதைக் காணோம், ஆகவே கையிறுக்கம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. உறவினர் ஒருவருக்கு அன்னார் இரவில் சென்று தீனார்களைக் கொடுத்து வருவார்களாம். வாங்கிக்கொண்ட அவர், கொடுப்பது யார் என்று தெரியாமல், அலீ இப்னு ஹுஸைன் மட்டும் சொந்த பந்தத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அவரிடமே குறைபட்டு ஏசுவாராம். அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் திரும்பிவிடுவார்களாம். அந்த உறவினர் வகையறாச் செய்தி எப்படியிருந்தாலும், கஞ்சர் என்ற பேச்சு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு மனிதர் அந்தப் பெயரைச் சுமந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஒரு வீட்டுக்காரரைச் சாட்சி சொல்ல விட்டிருந்தால் போதும், பெயர் மாறியிருக்கும். ஆனால் அந்த வீட்டுக்காரரின் முகம் என்னாவது? முதுகிலிருந்த மூட்டையைவிட இந்த மூட்டையே கனம் என்று நமக்குத் தோன்றுகிறது.

நாம் ஒரு கூட்டத்துக்கு நன்கொடை கொடுத்து, அறிவிப்பில் பெயர் விடுபட்டுப் போனால் இரண்டு நாள் உறக்கம் வராத கூட்டம்.

வெளிப்படையாகவே செய்த தர்மங்களும் அன்னாரிடம் உண்டு. ஸஹாபி உஸாமா (ரலி) அவர்களின் மகனார் முஹம்மது மரணப் படுக்கையில் கடனை நினைத்து அழுதபோது, 15,000 தீனார் கடனையும் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். தம் சொத்து முழுவதையும் இரு பங்காக்கி ஒரு பங்கை அல்லாஹ்வின் பாதையில் கொடுத்தது வாழ்நாளில் இருமுறை நடந்தது. குளிர் காலத்துக்கென்று விலை உயர்ந்த ஆடை வாங்குவார்கள். கோடை வந்ததும் அதை விற்று, கிடைத்த கிரயத்தை ஸதகாவாகக் கொடுத்துவிடுவார்கள். யாசகர் வந்தால் முகமலர்ந்து வரவேற்பார்கள். தம் மறுமைப் பயணத்தின் கட்டுச்சாதத்தைக் கூலியில்லாமல் சுமந்துசெல்ல வந்தவராகவே அவரைக் கருதினார்கள். தாமே சுமையாளாக இருந்தவர்களுக்குத்தான் இப்படி ஓர் எண்ணம் தோன்றும் போலும்.

வணக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த இமாமின் வரலாறு முடியாது. வணக்கசாலிகளின் அலங்காரம் என்பதுதான் ஜைனுல் ஆபிதீன் என்ற பெயரின் பொருள். மிகுதியாக ஸஜ்தா செய்பவர் என்ற கருத்தில் ஸஜ்ஜாத் என்றும் அழைக்கப்பட்டார்கள். ஒளுச் செய்யும்போதே முகம் வெளிறிவிடும். வீட்டில் தீப்பிடித்து மக்கள் கூக்குரலிட்டபோதும் ஸஜ்தாவிலிருந்து தலை தூக்கவில்லை. இரவு பகலில் 1,000 ரக்அத் தொழுவார்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களுக்கு எட்டிய செய்தி ஒன்றும் உண்டு. இந்த எண்ணைச் சொல்லிச் சொல்லி வியக்கிற நாம், அதே இரவுகளில்தான் மாவு மூட்டையும் நடந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. தஹஜ்ஜுதுக்கு எழுகிறவர் ஏழை வீட்டுக்குப் போக நேரமில்லை என்று சொல்ல அந்த வீட்டில் வழக்கமில்லை.

கோபத்தை விழுங்குவதில் அன்னாருக்கு நிகர் அன்னாரே. ஒருநாள் விருந்தாளிகள் வந்திருக்க, அடுப்பிலிருந்து இறைச்சி வாட்டிய இரும்புக் கம்பியை அவசரமாகக் கொண்டுவந்த அடிமையின் கையிலிருந்து அது நழுவி, கீழே நின்ற இமாமின் சிறு குழந்தையின் தலையில் விழுந்தது. குழந்தை இறந்துவிட்டது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லி, அந்த இடத்திலேயே அவனுக்கு விடுதலை அளித்துவிட்டு, பிறகே குழந்தையின் ஜனாஸா வேலையைப் பார்க்கப் போனார்கள். மதீனாவின் ஆளுநராக இருந்த ஹிஷாம் இப்னு இஸ்மாயீல் அன்னாருக்கும் குடும்பத்துக்கும் இழைத்த துன்பம் கொஞ்சமல்ல. ஹிஜ்ரி 87இல் கலீஃபா வலீத் அவரைப் பதவியிலிருந்து நீக்கி, பாதிக்கப்பட்டவர்கள் பழிதீர்த்துக்கொள்ளட்டும் என்று மக்கள் முன் நிறுத்தினார். ஹிஷாம் பயந்தது இமாம் ஒருவருக்குத்தான். இமாம் அவர்களோ தம்மவர் எவரும் அவரை ஒரு சொல்லாலும் நோகடிக்கக் கூடாதென்று தடுத்துவிட்டு, அவ்வழியே சென்றபோது ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கஅபாவில் இளவரசர் ஒருவர் கூட்ட நெரிசலில் ஹஜ்ருல் அஸ்வதை நெருங்க முடியாமல் நிற்க, இமாம் அவர்கள் வந்ததும் மக்கள் தாமே விலகி வழிவிட்டதும், அதைக் கண்ட கவிஞர் ஃபரஸ்தக் அங்கேயே பாடிய கவிதையும், அதற்காக அவர் சிறை போனதும், இமாம் அவர்கள் 12,000 திர்ஹம் அனுப்பிவைத்ததும் பலரும் அறிந்த வரலாறு. அதையும் இதோடு விடுகிறோம்.

ஹிஜ்ரி 94. மதீனாவின் மார்க்க மேதைகள் பலர் அடுத்தடுத்து மறைந்ததால் அது ஃபகீஹ்களின் ஆண்டு என்றே பெயர் பெற்றது. அந்த ஆண்டில், 58ஆம் வயதை ஒட்டி, இமாம் அவர்களும் இவ்வுலகைப் பிரிந்தார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

மையித்தைக் குளிப்பாட்டியவர்கள் முதுகைக் கண்டு திகைத்தார்கள். கறுத்த வடுக்கள்! அடித்த வடுவா, நோய் வடுவா? நபி குலத்து மகானின் முதுகில் கூலியாளின் முதுகில் இருப்பதுபோல் எப்படி வந்தது? விசாரித்தபோதுதான் தெரியவந்தது, இரவில் மதீனாவின் ஏழைகளுக்கு மாவு மூட்டை சுமந்த வடு அது என்று. பாட்டியாரின் கையில் திருகை விட்ட அடையாளம். பேரரின் முதுகில் மாவு விட்ட அடையாளம்.

பகீஉல் கர்கதில், பெரிய தந்தையார் ஹஸன் (ரலி) அவர்களின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அன்றிரவு மதீனாவில் பல வீடுகளின் வாசலுக்கு எதுவும் வரவில்லை. மறுநாள் இரவும் வரவில்லை. அப்போதுதான் ஒவ்வொரு வீடாகப் பேச்சு எழுந்தது. உனக்கும் வந்ததா, எனக்கும் வந்ததே என்று. கணக்குப் பார்த்தபோது நூறு குடும்பங்கள் என்று தேறியது. கஞ்சர் என்று பேசிய நாக்குகள் என்ன செய்தன என்பதை எழுத நமக்கு மனம் வரவில்லை. ஊர் மக்கள் தங்கள் இரகசிய தர்மத்தை இழந்தது அலீ இப்னு ஹுஸைன் மறைந்த அன்றுதான் என்று பேசிக்கொண்டார்கள் என்பதோடு வரலாறு நிற்கிறது.

நூறு வீடுகளுக்கும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இருந்தது என்பதுதான் நம்மைத் தூங்கவிடாத செய்தி. கொடுத்தவர் மறைந்துகொண்டது ஒன்று. வாங்கியவர்களையும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் மறைத்தது மற்றொன்று. நாம் முதலாவதைப் பற்றித்தான் பயான் செய்கிறோம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுப்பவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்ற நபிமொழியைக் கொடுப்பவரின் பலனாகவே படிக்கிறோம். ஸூரத்துல் பகராவின் 271ஆம் வசனம் ஏழைகளுக்கு மறைத்துக் கொடுப்பதை மேலானதாகச் சொல்வதையும் அப்படித்தான் படித்தோம். அந்தச் சிறுவன் கையை இழுத்துக்கொண்ட பிறகுதான் வாங்குகிறவன் பக்கமிருந்து அதைப் படிக்கத் தெரிந்தது.

இவ்விஷயத்தில் நமக்கு வந்த மார்க்கக் கேள்விகள் இரண்டுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறோம். வாங்குகிறவரிடம் இது ஜகாத் என்று சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. கொடுப்பவரின் நிய்யத்தே போதும். ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபிலும் இதுவே. ஆகவே ஜகாத் என்று பையில் எழுதிக் கொடுக்க எந்த அவசியமும் இல்லை. இரண்டாவது: பணத்தின் ஜகாத்தில் அரிசி வாங்கிக் கொடுக்கலாமா? ஹனபி மத்ஹபில் கிரயத்துக்கு ஈடான பொருளாகக் கொடுக்க இடமுண்டு. ஷாபிஈ மத்ஹபில் அப்படி மாற்றிக் கொடுக்க இடமில்லை. அந்த மஹல்லாவினர் ஜகாத்தைப் பணமாகவே உரியவர் கையில் கொடுத்துவிட்டு, அரிசிப் பைக்கு ஸதகாவை வைத்துக்கொள்ள வேண்டும். பிற சமயத்துக் குடும்பங்களுக்குக் கொடுப்பதும் ஸதகாவிலிருந்துதான். அதற்குத் தடையேதும் இல்லை. ஜகாத் பொருளைத் தொடவே ஆகாத ஹாஷிம் குலத்தில் பிறந்த இமாம் அவர்கள், தம் சொந்தப் பொருளிலிருந்துதான் அந்த நூறு வீட்டையும் நடத்தினார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

நம் இளைஞர்கள் அதன்பின் பையை மாற்றினார்கள். பெயர் அச்சிடாத வெறும் சாக்குப் பை. படம் பிடிப்பவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், அவருக்கு வருத்தம்தான். குடும்பங்களின் பெயர்ப் பட்டியலை எட்டுப் பேரும் வைத்திருந்ததை மாற்றி, ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ள, மற்றவர்களுக்கு வீட்டு அடையாளம் மட்டும் சொல்லப்பட்டது. ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையன்கள் தங்கள் வகுப்புப் பிள்ளைகளின் தெருவுக்குப் போவதில்லை என்றும் ஏற்பாடு. தொழுகை முடிந்து தெரு அடங்கிய பிறகு, வாசலில் வைத்துக் கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்துவிட வேண்டும்.

திறக்காமல் இருந்த அந்தக் கதவு மூன்றாம் வாரம் இஷாவுக்குப் பின் திறந்தது. நாம் தெரு முனையில் நின்றோம். பையை உள்ளே இழுத்துக்கொண்டது தாயா, அந்தப் பிள்ளையா என்று இருட்டில் தெரியவில்லை.